வலி நின்றுவிட்டது, பல் பிழைத்துவிட்டதா?

தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்கு வயது 43. ஆழ்கடல் விசைப்படகில் தொழில். சில ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். சென்ற முறை கடலில் இருந்தபோது இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் தொந்தரவு ஆரம்பித்திருக்கிறது. முதலில் ஐஸ் தண்ணீர் பட்டால் கூசியது. சில நாட்களில் சூடான கட்டன் சாயா குடித்தாலே வலி கிளம்பி வெகுநேரம் நின்றது. பிறகு எதுவும் படாமலேயே இரவில் விண்விண் என்று தெறிக்கத் தொடங்கிவிட்டது. காது வலியா, பல் வலியா என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லையாம். படுத்தால் கூடுகிறது என்று படகின் முன்பக்கமான அணியத்தில் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்திருக்கிறார். படகின் மருந்துப் பெட்டியில் கிடந்த அமாக்சிசிலினை ஐந்து நாட்கள் விழுங்கினார். வலி நின்றுவிட்டது.

கரைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இடையில் ஒருநாள் அந்தப் பல்லுக்குக் கீழே ஈறில் மிளகளவு ஒரு பரு எழும்பி, உடைந்து, உப்புக் கரிக்கும் நீர் வந்திருக்கிறது. "கெட்ட நீர் போய்விட்டது, இனிப் பயமில்லை" என்று மாமியார் சொல்லிவிட்டார். வலி இல்லை, ஆனால் கடிக்கும்போது மட்டும் அந்தப் பல் சற்று உயர்ந்து நிற்பதுபோல் இருக்கிறதாம். இன்னும் 12 நாட்களில் தேங்காப்பட்டணத்திலிருந்து படகு புறப்படுகிறது. திரும்பி வர ஒன்றரை மாதம்கூட ஆகலாம். "இப்போது வலிதான் இல்லையே, வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் கணவர். பிடுங்கினால் கண் போகும் என்கிறார் மாமியார். ரூட் கெனால் செய்தால் பல் பொடிந்துவிடும், அது காசு பிடுங்கும் வேலை என்கிறார் ஓர் உறவினர். சர்க்கரை இருப்பதால் இரண்டுமே கூடாது என்று பக்கத்து வீட்டார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், ஒன்பது வயது மகளுக்கும் குச்சி ஐஸ் சாப்பிட்டால் பல் கூசுவதாகவும், "பால்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

சகோதரி, உங்கள் கணவரின் வாயைப் பார்க்காமல், எக்ஸ்ரே எடுக்காமல் நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் நாள் பிசகாமல் வரிசையாக எழுதியிருப்பதே பாதிப் பரிசோதனைக்குச் சமம். அதை வைத்துச் சொல்கிறேன்: அந்தப் பல் குணமாகவில்லை. பெரும்பாலும் அதன் உள்ளே இருந்த உயிர்த்திசு செத்துப்போயிருக்கிறது. படகு கிளம்புவதற்கு முன்பு அதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும்.

வலி ஏன் வந்தது, ஏன் நின்றது

பல்லின் வெளியே இருப்பது எனாமல். அதற்குள் டென்டின். நடுவில் இருக்கும் சிறு அறையிலும், அதிலிருந்து வேர் நுனிவரை இறங்கும் குழாய்களிலும் இருப்பதுதான் பற்கூழ். நரம்பும் இரத்தக் குழாயும் பின்னிக் கிடக்கும் மென்மையான திசு அது. சொத்தை எனாமலைத் தாண்டி டென்டினுக்குள் இறங்கும்போது, கிருமிகளும் அவை உண்டாக்கும் அமிலமும் பற்கூழைச் சீண்ட ஆரம்பிக்கின்றன. அது வீங்குகிறது. காலில் முள் குத்தினால் சதை வீங்குவதற்கு இடமிருக்கிறது. பல்லுக்குள் அப்படி இடமில்லை. நாலாபுறமும் கெட்டிச் சுவர். உள்ளே அழுத்தம் ஏறுகிறது. படுக்கும்போது தலைப்பக்கம் இரத்த அழுத்தம் சற்றுக் கூடுவதால் வலியும் கூடுகிறது. அவர் உட்கார்ந்தே இரவைக் கழித்தது அதனால்தான்.

இந்த அழற்சியில் இரண்டு கட்டங்கள் உண்டு. குளிர்ந்ததோ இனிப்போ பட்டதும் சுரீர் என்று வலித்து, அதை எடுத்த சில நொடிகளில் அடங்கிவிட்டால், பற்கூழ் இன்னும் மீளக்கூடிய நிலையில் இருக்கிறது. சொத்தையைச் சுரண்டி எடுத்து நன்றாக அடைத்தால் போதும். சூடு பட்டால் வலிப்பது, பட்டதை எடுத்த பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி தங்குவது, தூக்கத்திலிருந்து எழுப்புவது, காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் பரவுவது, எந்தப் பல் என்றே காட்ட முடியாமல் போவது இவையெல்லாம் அடுத்த கட்டம். அங்கிருந்து பற்கூழ் தானாகத் திரும்பி வராது. உங்கள் கணவர் முதல் கட்டத்தில் தொடங்கி இரண்டாவதையும் நடுக்கடலிலேயே கடந்துவிட்டார்.

பிறகு வலி நின்றதற்கு அமாக்சிசிலின் காரணமில்லை. வேர் நுனியில் இரத்தக் குழாய் நுழையும் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்ளே அழுத்தம் ஏற ஏற இரத்த ஓட்டம் தடைப்பட்டு, பற்கூழ் பகுதி பகுதியாகச் சாகிறது. நரம்பும் சேர்ந்து சாகும்போது வலி நிற்கிறது. அவர் மாத்திரை எடுத்த நாட்களும் அது செத்த நாட்களும் ஒன்றாக அமைந்ததால் பெயர் மாத்திரைக்குப் போய்விட்டது. இரத்தமே சரியாகப் போகாத இடத்துக்கு மாத்திரை மட்டும் எப்படிப் போகும்? இந்த வலிக்கு, மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்களுக்கு, ஆண்டிபயாடிக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலே சொல்கிறது. முகம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் கதை வேறு. அப்போது மருந்து தேவைப்படும், அதையும் மருத்துவர் எழுதித் தர வேண்டும். நம் ஊர் மெடிக்கல் ஸ்டோர்களில் பல் வலி என்றவுடன் சீட்டே இல்லாமல் ஒரு அட்டை அமாக்சிசிலினும் ஒரு அட்டை வலி மாத்திரையும் எடுத்து நீட்டுகிறார்கள். எனக்கு இதில் இருக்கும் கோபத்தை எழுதினால் பத்தி தாங்காது.

மாமியார் சொன்ன "கெட்ட நீர்" சீழ்தான். அது கெட்டது என்பதில் அவர் சொன்னது சரி. போய்விட்டது என்பதில்தான் தவறு. செத்த பற்கூழில் கிருமிகள் பெருகி, வேர் நுனியைத் தாண்டி எலும்புக்குள் இறங்கி, அங்கிருந்து ஈறுவரை ஒரு வழி வெட்டியிருக்கின்றன. அந்த வழி திறந்திருக்கும்வரை வீக்கமும் இருக்காது, வலியும் இருக்காது. அது அடைபட்டால் உள்ளே சேரத் தொடங்கும். பல் உயர்ந்து நிற்பதுபோல் அவருக்குத் தோன்றுவதும் வேர் நுனியைச் சுற்றியுள்ள திசு அழன்றிருப்பதன் அடையாளம்தான்.

12 நாட்களில் என்ன செய்யலாம்

இரண்டு நாட்களுக்குள் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டச் சொல்லுங்கள். "இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா? எத்தனை முறை வர வேண்டும்? பல்லின் மேல் மாட்டும் உறையான கேப்போடு சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?" என்ற மூன்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் காட்டலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. செலவுதான் தயக்கம் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். குலசேகரத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது; எல்லை தாண்டினால் திருவனந்தபுரத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. கல்லூரிகளில் செலவு குறைவு, நேரம் அதிகம். உங்களுக்கு இருப்பது 12 நாட்கள் என்பதால் முதல் நாளே புறப்படும் தேதியைச் சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும்: மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்யாமல் பல் கட்டிக்கொண்டு திரிபவர்களிடம் போகாதீர்கள்.

பல்லின் சுவர் ஈறுக்கு மேலே போதிய அளவு நிற்கிறது என்றால் என் பரிந்துரை வேர் சிகிச்சைதான், அதாவது ரூட் கெனால். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லின் மேலே துளையிட்டு, அழுகியதை எடுத்து, குழாய்களை மெல்லிய ஊசி போன்ற கருவிகளால் சுத்தம் செய்து, கிருமிநாசினியால் கழுவி அடைப்பார்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் மூன்று குழாய்கள், சிலருக்கு நான்கு. ஒன்றை விட்டுவிட்டாலும் நோய் திரும்பும் என்பதால் அவசரப்படுத்த முடியாத வேலை. கடைசியில் குழாய்க்குள் அடைக்கும் பொருளின் பெயர் கட்டாபெர்ச்சா. அருமனைப் பக்கம் வெட்டுகிற ரப்பர் பாலுக்குத் தூரத்துச் சொந்தம். தென்கிழக்கு ஆசியாவில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து வருவது.

சீழ் வடிந்த பல் என்பதால் சில மருத்துவர்கள் முதல் முறை சுத்தம் செய்து, உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து, ஒரு வாரம் கழித்து அடைப்பார்கள். அப்படிச் செய்தாலும் உங்கள் 12 நாட்களுக்குள் அடங்கும். கேப் போட நாள் போதாமல் போகலாம். பரவாயில்லை, அது திரும்பி வந்தபிறகு. ஆனால் தற்காலிக அடைப்போடு அவரைக் கடலுக்கு அனுப்பாதீர்கள். அது சில வாரம் தாங்கும் பூச்சு. நடுக்கடலில் பெயர்ந்தால் செய்த வேலை அத்தனையும் வீண். கெட்டியான நிரந்தர அடைப்பு வைத்து, கடிபடும் முனைகளைச் சற்றுக் குறைத்துவிடச் சொல்லுங்கள். கேப் போடும்வரை அந்தப் பக்கம் முறுக்கும் நண்டு ஓடும் வேண்டாம். உறவினர் சொன்ன "பொடிந்துவிடும்" என்பதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. சொத்தையும் சிகிச்சையும் சேர்ந்து பல்லின் பெரும்பகுதியை எடுத்துவிடுவதால் மிஞ்சியது மெலிந்துபோகிறது. கேப் போடாமல் விட்டவர்களின் பல்தான் அப்படிப் பிளக்கிறது. ஆகவே கேப்பைக் கூடுதல் செலவு என்று கழிக்காதீர்கள்.

பல் ஈறுக்குக் கீழேவரை உடைந்திருந்தாலோ வேரில் விரிசல் இருந்தாலோ பிடுங்குவதுதான் சரி. அதனால் கண்ணுக்கு எதுவும் ஆகாது. பல்லுக்கு வரும் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. அதுவும் இது கீழ்த்தாடைப் பல். பிடுங்குவதானால் முதல் நான்கு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள்தான் சிலருக்குக் காயத்தில் இரத்தம் உறைந்த கட்டி கலைந்து, எலும்பு வெளிப்பட்டுக் கடுமையான வலி வரும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது அதிகம். அந்த நாட்கள் கரையில் கழியட்டும். காலியான இடத்தைப் பல வருடம் அப்படியே விட்டால் பக்கத்துப் பல் சாயும், மேல்பல் இறங்கும். அதற்கான ஏற்பாட்டை அடுத்த முறை கரைக்கு வரும்போது பேசுங்கள்.

சர்க்கரை இருப்பவருக்கு இரண்டு சிகிச்சையும் செய்யலாம். கூடாதது சீழை உள்ளே வைத்துக்கொண்டிருப்பதுதான். தொற்று இருந்தால் சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் தொற்று ஆறாது. போகும் முன் இரத்தச் சர்க்கரை பார்த்து, மூன்று மாதச் சராசரி அளவும் (HbA1c) எடுத்துக்கொண்டு போங்கள். மிக அதிகமாக இருந்தால் சர்க்கரை மருத்துவரையும் சேர்த்துக் கலந்து செய்வார்கள். வெறும் வயிற்றோடு போகக் கூடாது. காலைச் சாப்பாடும் மாத்திரையும் வழக்கம்போல் முடித்துவிட்டு, காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் கணவர் சொல்கிற மூன்றாவது வழி, மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போய் வருவது. ஒன்றரை மாதம் எதுவும் நடக்காமலும் போகலாம். ஆனால் கீழ்க் கடைவாய்ப்பல்லின் சீழ், அதிலும் பின்பக்கப் பற்களிலிருந்து வருவது, தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் இறங்கினால், நாக்கு மேலே தூக்கி மூச்சுப் பாதையை அடைக்கும். கரையில் இது நடந்தால் ஓர் இரவில் மருத்துவமனை. அவர் போகிற தூரத்தில் நடந்தால் கரை சேரவே பல மணி நேரம், சில வேளை நாட்கள். சர்க்கரைக்காரருக்கு இது வேகமாகப் பரவும். இந்த வழிக்கு நான் சம்மதம் சொல்லமாட்டேன். படகு உரிமையாளரிடம் பேச வேண்டியிருந்தால் பேசுங்கள்.

கடலில் இருக்கும்போது

சிகிச்சை முடித்துப் போனாலும் இவற்றை அவரிடமும் படகில் கூட இருப்பவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

வாய் திறக்க முடியாமல் இறுகுவது, எச்சில் விழுங்கக் கஷ்டம், தாடைக்கு அடியில் கெட்டியான வீக்கம், குரல் மாறுவது, குளிர்காய்ச்சல், மூச்சு வாங்குவது இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. படகு உடனே திரும்ப வேண்டும். விஎச்எஃப் வயர்லெஸ் 16-ஆம் சேனலில் உதவி கேட்கலாம். கரையிலிருந்து நீங்கள் இந்தியக் கடலோரக் காவல்படையை 1554 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம்.

வலிக்கு பாராசிட்டமாலும், சாப்பிட்ட பிறகு ஐபுபுரூஃபெனும் சேர்த்து எடுப்பது நன்றாகக் கேட்கும். ஆனால் சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களும் வயிற்றுப்புண் உள்ளவர்களும் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளைத் தொடக் கூடாது. அவருக்கு ஆகுமா என்று இந்த முறையே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மது குடித்துவிட்டு எந்த வலி மாத்திரையும் வேண்டாம். மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும் வேண்டாம், ஈறு வெந்துபோகும். கிராம்புத் தைலம் வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. அதிலிருக்கும் யூஜினால் எங்கள் அடைப்பு மருந்துகளிலும் உண்டு. பஞ்சில் ஒரு சொட்டு தொட்டுப் பல் குழியில் வைத்தால் சில மணி நேரம் வலி குறையும். ஊற்றினால் புண்ணாகும். உள்ளே இருக்கும் நோயை அது குறைக்காது.

கட்டன் சாயாவில் சர்க்கரையை நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை இனிப்பு உள்ளே போனதும் ஏறக்குறைய அரை மணி நேரம் வாயில் அமிலம் நிற்கும். தூக்கம் வராமலிருக்க இரவெல்லாம் மடக்கு மடக்காகக் குடித்தால் பல்லுக்கு ஓய்வே கிடையாது. சர்க்கரை நோய்க்காரர் இத்தனை டம்ளர் சர்க்கரைச் சாயா குடிக்கிறார் என்பதற்கு நீங்கள் தனியாக இன்னொரு கடிதம் எழுத வேண்டும். கருப்பட்டி போட்டால் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். பல்லைப் பொறுத்தவரை அதுவும் சர்க்கரைதான்.

மகளின் பல்

நீங்கள் போகிற போக்கில் எழுதிய இதைத்தான் நான் அதிகக் கவனத்தோடு படித்தேன். ஒன்பது வயதில், "கடைசியில் இருக்கும் பெரிய பல், நடுவில் கறுப்புக் குழி" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பால்பல்லாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆறு வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. எதுவும் விழாததால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. அதையும் பால்பல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். போனால் மறுபடி முளைக்காது. உங்கள் கணவருக்கு இப்போது கெட்டுப்போயிருப்பதும் பெரும்பாலும் அதே பல்தான்.

நல்ல செய்தி, அவளுக்குக் கூச்சம் ஐஸை எடுத்தவுடன் போய்விடுகிறது. மேலே சொன்ன முதல் கட்டம் அது. இந்த வயதில் அந்தப் பல்லின் வேர் நுனி இன்னும் முழுதாக மூடியிருக்காது, அல்லது இப்போதுதான் மூடியிருக்கும். இரத்த ஓட்டம் தாராளமாக இருப்பதால் பற்கூழுக்கு ஆறும் சக்தி அதிகம். ஒரே அமர்வில் சொத்தையை எடுத்து அடைத்துவிடலாம். சொத்தை பற்கூழை எட்டியிருந்தால்கூட, மேல்பகுதியை மட்டும் எடுத்து மருந்து வைத்து மீதியை உயிரோடு காப்பாற்றும் சிகிச்சை இருக்கிறது. குழி விழாத மற்றக் கடைவாய்ப்பற்களின் பள்ளங்களைச் சீலன்ட் பூசி மூடிவிடவும் கேளுங்கள்.

வீட்டில் உமிக்கரியும் உப்பும் வைத்துப் பல் தேய்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பல் பளிச்சென்று தெரியும், உண்மைதான். கூடவே எனாமலும் தேயும். 1000 பிபிஎம் அல்லது அதற்குமேல் ஃபுளோரைடு உள்ள பற்பசை என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். காலையில் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை, இரவுதான் முக்கியம். தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும், கொப்பளித்துக் கழுவிவிட வேண்டாம். ஃபுளோரைடு பல்லில் தங்கட்டும். முந்திரிக்கொத்தோ மிட்டாயோ கொடுப்பதைச் சாப்பாட்டோடு ஒரே வேளையாகக் கொடுங்கள். பையில் போட்டுப் பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கொறிக்க விடுவதுதான் குழி பறிப்பது.

அப்பாவுக்குப் போகிற அன்றே அவளையும் அழைத்துப் போங்கள். ஆனால் நாற்காலியில் முதலில் அவளை உட்கார வையுங்கள். அப்பா ஊசிக்கு முகம் சுளிப்பதைப் பார்த்தபிறகு அவள் வாயைத் திறக்கமாட்டாள்.